இளந்துணைப் பாத்திரமும் வாசகரின் இருமன நிலையும்: ஜேசன் டாட் வாக்கெடுப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வீரநாயகக் கதைகளில் தலைமைப் பாத்திரத்துடன் இணைந்து இயங்கும் சிறுவர் பாத்திரம் வாசகரிடம் பற்றையும் எரிச்சலையும் ஒருசேரத் தோற்றுவிப்பது உண்டு. 1988ஆம் ஆண்டு அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனம், பேட்மேன் கதையில் இரண்டாவது ராபினாக விளங்கிய ஜேசன் டாட் என்னும் சிறுவன் வாழ்வதா மடிவதா என்பதைத் தொலைபேசி வாக்கெடுப்பின் வழி வாசகரிடமே விட்டது. 72 வாக்குகள் வேறுபாட்டில் அவன் மடிந்தான். இவ்வாக்கெடுப்பு, வாசகர் வெறுப்பின் வெளிப்பாடாகவே பொதுவாகப் பேசப்படுகிறது. அது வெறுப்பைக் காட்டிலும் வாசகரின் இருமன நிலையையே பதிவுசெய்கிறது என்பதையும், அவ்வெரிச்சலின் வேர் பாத்திரத்தின் இளமையில் அன்றிக் கதையமைப்பில் உள்ளது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: சித்திரக்கதை, இளந்துணைப் பாத்திரம், வாசகர் ஏற்பு, இருமன நிலை, ராபின், ஜேசன் டாட், மெய்ப்பாடு.

முன்னுரை

ஒரு பாத்திரத்தை வாசகர் விரும்புகிறார் அல்லது வெறுக்கிறார் என்று இரண்டாகப் பகுத்துப் பேசுவது திறனாய்வில் எளிதாக நிகழ்ந்துவிடுகிறது. தொடர்கதைகளைப் பல்லாண்டு பின்தொடரும் வாசகரின் மனநிலை இவ்விரண்டுக்குள் அடங்குவதில்லை. எரிச்சலூட்டும் பாத்திரம் ஒன்று கதையில் தோன்றும்போதெல்லாம் முகம் சுளிக்கும் வாசகரே, அப்பாத்திரம் நீங்கியபின் அதன் இன்மையை உணர்கிறார். தலைமைப் பாத்திரத்தின் நிழலில் வளரும் இளந்துணைப் பாத்திரங்கள் இந்நிலையைத் தெளிவாகக் காட்டுகின்றன. அவை வாசகருக்கு நெருக்கமாக அமைய வேண்டும் என்றே படைக்கப்படுகின்றன. அந்நெருக்கமே பல வேளைகளில் அவற்றைச் சுமையாக்குகிறது.

இந்நிலையை ஆராய்வதில் உள்ள தடை சான்று குறித்தது. வாசகர் கடிதங்களில் வெளியிடத் தெரிந்தெடுக்கப்பட்டவை மட்டுமே எஞ்சுகின்றன. விற்பனை எண்ணிக்கை முழு இதழுக்கும் உரியதே அன்றித் தனிப் பாத்திரத்துக்கு உரியதன்று. ஜேசன் டாட் குறித்த வாக்கெடுப்பு இவ்வகையில் அரிய சான்றாகும். ஒரு பாத்திரத்தின் இருப்பைப் பற்றி மட்டும் வினவி, கிடைத்த விடைகளை எண்ணிக்கையாகவும் வெளியிட்ட நிகழ்வு அது. அவ்வெண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதே இங்கு ஆய்வுக்குரிய வினா.

1. இளந்துணைப் பாத்திரத்தின் தோற்றமும் பணியும்

பேட்மேன் 1939இல் தனியனாகவே அறிமுகமானான். அடுத்த ஆண்டு, 1940இல், டெட்டெக்டிவ் காமிக்ஸ் 38ஆம் இதழில் டிக் கிரேசன் என்னும் சிறுவன் ராபினாக இணைந்தான். பில் ஃபிங்கர், பாப் கேன், ஜெரி ராபின்சன் ஆகிய மூவரும் இப்பாத்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர்கள். ஷெர்லாக் ஹோம்சுக்கு வாட்சன் போலப் பேட்மேனுக்கும் பேச ஒருவர் தேவை என்பது ஃபிங்கர் கூறிய காரணமாகும். தனித்தியங்கும் துப்பறிவாளனின் எண்ணத்தைப் படத்தில் காட்ட இயலாது. அவன் யாரிடமாவது பேச வேண்டும். சித்திரக்கதையின் வடிவமே துணைப்பாத்திரத்தை வேண்டி நிற்கிறது என்பது இதனால் விளங்கும்.

இப்பாத்திரத்துக்கு மூன்று பணிகள் அமைந்தன. முதலாவது, மேற்குறித்த உரையாடற் பணி. இரண்டாவது, சிறுவர்களான வாசகர்கள் தம்மைக் கதைக்குள் பொருத்திக்கொள்ள இடமளிக்கும் பணி. மூன்றாவது, இருண்ட கதைக்கு ஒளியும் விளையாட்டும் சேர்க்கும் பணி. பேட்மேனின் கறுப்பு, சாம்பல் நிறங்களுக்கு எதிராக ராபினின் உடையில் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் பொலிந்தன.

வாசகர் வளர்ந்தபோது இரண்டாம், மூன்றாம் பணிகள் நெருக்கடிக்கு உள்ளாயின. 1980களில் அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்கள் பொதுக் கடைகளைவிடச் சித்திரக்கதைக்கென்றே அமைந்த சிறப்புக் கடைகளில் மிகுதியாக விற்பனையாகத் தொடங்கின. அங்கு வந்தோரில் பதின்பருவத்தினரும் இளைஞரும் மிகுதி. 1986இல் வெளிவந்த ஃபிராங்க் மில்லரின் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ பேட்மேனைக் கடுமையும் முதுமையும் கொண்டவனாக வரைந்து, அவ்வாசகரின் எதிர்பார்ப்பை மாற்றியமைத்தது. முன்பு சிறுவர் தம்மைக் காண்பதற்கென்று வைக்கப்பட்ட பாத்திரம், வளர்ந்த வாசகருக்குத் தாம் கடந்துவந்த பருவத்தை நினைவூட்டும் பாத்திரமாயிற்று. தாம் உதறிவிட்டதாகக் கருதும் சிறுபிள்ளைத்தனத்தைத் தம் விருப்பக் கதையில் மீண்டும் எதிர்கொள்ளும் வாசகர் கூச்சம் கொள்கிறார். எரிச்சலின் ஒரு பகுதி இக்கூச்சமே எனலாம்.

2. ஜேசன் டாட்: ஒரு பெயர், இரண்டு வரலாறுகள்

டிக் கிரேசன் வளர்ந்து ‘டீன் டைட்டன்ஸ்’ குழுவின் தலைவனாகி, 1984இல் நைட்விங் என்னும் புதிய பெயரைப் பூண்டான். அவனது இடத்தை நிரப்ப ஜெரி கான்வே, டான் நியூட்டன் ஆகியோர் படைத்த பாத்திரமே ஜேசன் டாட். இவன் 1983இல் பேட்மேன் 357ஆம் இதழில் அறிமுகமானான். வட்டரங்கில் ஊஞ்சற்கலை நிகழ்த்தும் குடும்பத்தில் பிறந்தவன். பெற்றோரைக் குற்றவாளியால் இழந்தவன். இவ்வரலாறு டிக் கிரேசனின் வரலாற்றை ஏறத்தாழ அப்படியே ஒத்திருந்தது. செந்நிறம் கலந்த தலைமுடியைக் கறுப்பாக்கிக்கொண்டு அவன் ராபின் ஆனான் என்பது கதை. முந்தியவனின் இடத்தில் அவனைப் போலவே ஒருவனை நிறுத்தும் முயற்சியை அத்தலைமுடியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

1985–86இல் டிசி காமிக்ஸ் தன் கதையுலகம் முழுவதையும் ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ என்னும் தொடர் வழியாக மறுசீரமைத்தது. அதன்பின் 1987இல், பேட்மேன் 408ஆம் இதழில், மேக்ஸ் ஆலன் காலின்ஸ் ஜேசனுக்குப் புதிய வரலாறு எழுதினார். இப்போது அவன் தெருவில் வளர்ந்த ஆதரவற்ற சிறுவன். நிறுத்தி வைக்கப்பட்ட பேட்மேனின் காரிலிருந்து சக்கரங்களைக் கழற்றும்போது பிடிபடுகிறான். அவனிடம் துணிவும் சினமும் இருப்பதைக் கண்ட பேட்மேன் அவனைத் தன்னுடன் அழைத்துச் செல்கிறான்.

1987 இறுதியில் கதையெழுதும் பொறுப்பை ஏற்ற ஜிம் ஸ்டார்லின் இளந்துணைப் பாத்திரம் என்னும் கருத்தையே விரும்பாதவர். சிறுவன் ஒருவனைக் கண்கவர் வண்ண உடையில் துப்பாக்கிகளுக்கு எதிரே நிறுத்துவது குழந்தைக் கொடுமை என்பது அவர் பிற்காலத்திலும் வெளிப்படையாகக் கூறிவந்த கருத்து. அவர் எழுதிய கதைகளில் ஜேசன் கட்டளைக்குப் பணியாதவனாகவும் சட்டென்று சினம் கொள்பவனாகவும் ஆனான். 424ஆம் இதழில், தூதரின் மகன் என்பதால் சட்டத்துக்கு அப்பாற்பட்டு நிற்கும் பாலியல் குற்றவாளி ஒருவன் மாடியிலிருந்து விழுந்து இறக்கிறான். அவன் தானே தவறி விழுந்தானா, ஜேசன் தள்ளினானா என்பதைக் கதை காட்டவில்லை. வாக்கெடுப்பில் முடிந்த கதை 426ஆம் இதழில் தொடங்கியது. ஆகவே வாசகரின் தீர்ப்பை வேண்டுவதற்குச் சற்று முன்னர்தான் அப்பாத்திரத்தின் மீது மிகக் கனமான ஐயம் ஏற்றப்பட்டது.

இவ்விரு வரலாறுகளும் வாசகரிடம் வெவ்வேறு குறைகளைத் தோற்றுவித்தன. முதல் ஜேசன், முந்தியவனின் நகல் என்பதால் சலிப்பூட்டினான். இரண்டாம் ஜேசன், முந்தியவனைப் போல இல்லாமையால் சினமூட்டினான். ஒத்திருப்பதும் குற்றம், வேறுபடுவதும் குற்றம் என்னும் நிலையில், பிறரது பெயரையும் உடையையும் மரபுரிமையாகப் பெற்ற எந்தப் பாத்திரமும் தப்ப இயலாது.

3. எரிச்சலின் கூறுகள்

இளந்துணைப் பாத்திரம் எரிச்சலூட்டுவதற்கு அதன் இளமையே காரணம் என்று கூறுவது வழக்கம். அதே காலத்துச் சான்றுகள் இதனை மறுக்கின்றன. மில்லரின் 1986ஆம் ஆண்டுப் படைப்பில் ராபினாக வரும் கேரி கெல்லி 13 வயதுச் சிறுமி. அவளும் கட்டளையை மீறுகிறாள். ஆயினும் அவள் வாசகரின் விருப்பத்துக்கு உரியவளாகவே நிலைத்தாள். அவளது மீறல் முதிய நாயகனைக் காப்பாற்றுகிறது. ஜேசனின் மீறலோ நாயகனுக்குப் புதிய இடரைத் தேடித்தருகிறது. ஒரே செயல், கதை அதற்குத் தரும் விளைவைப் பொறுத்து, துணிவாகவோ அடங்காமையாகவோ வாசிக்கப்படுகிறது.

இதற்கு நேர்மாறான சான்று தொலைக்காட்சியில் உண்டு. 1987இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் வில் வீட்டன் நடித்த வெஸ்லி கிரஷர் என்னும் சிறுவன் ஒழுக்கமும் பேரறிவும் உடையவன். பயிற்சி பெற்ற அலுவலர்கள் தடுமாறும் இடத்தில் அவன் விண்கலத்தைக் காப்பாற்றுகிறான். அவனும் தொடரின் சுவைஞர் பலரது கடுமையான எரிச்சலுக்கு ஆளானான். ஜேசன் அடங்காதவன் என்பதால் வெறுக்கப்பட்டான் என்றால், வெஸ்லி குறையற்றவன் என்பதால் வெறுக்கப்பட்டான். பண்பால் எதிரெதிரான இருவரிடமும் பொதுவாக இருப்பது ஒன்று: கதை அவர்களுக்கு அளிக்கும் இடம், அவர்கள் ஈட்டியதாக வாசகர் கருதும் தகுதியைவிடப் பெரிது. ஒருவனுக்குப் புகழ்பெற்ற உடை வழங்கப்படுகிறது. மற்றவனுக்குக் கலத்தின் கட்டுப்பாடு வழங்கப்படுகிறது. ஆசிரியர் முன்கூட்டியே வழங்கிவிட்ட இச்சலுகையை வாசகர் ஏற்க மறுக்கும்போது, அம்மறுப்பு ஆசிரியரை நோக்கிச் செல்லாமல் பாத்திரத்தின் மேல் விழுகிறது.

ஆகவே எரிச்சல் என்பது பாத்திரத்தின் பண்பு அன்று. பாத்திரத்துக்கும் அதன் இடத்துக்கும் இடையிலான பொருத்தமின்மையை வாசகர் உணரும் முறை. இவ்வாறு கொண்டால்தான், எரிச்சலுடன் பற்றும் உடனிருப்பதை விளக்க இயலும். அவ்விடம் வாசகருக்கு மதிப்புடையது. அதனாலேயே அதில் நிற்பவரை அவர் கடுமையாக அளக்கிறார். பொருட்படுத்தாத பாத்திரத்தின் மேல் எவரும் எரிச்சல் கொள்வதில்லை.

4. வாக்கெடுப்பு நிகழ்ந்த முறை

பேட்மேன் இதழ்களின் பதிப்பாசிரியராக இருந்த டென்னிஸ் ஓ’நீல் இவ்வாக்கெடுப்பை முன்மொழிந்தார். 1982இல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் கடல் இறால் ஒன்றைச் சமைப்பதா விடுவிப்பதா என்று நேயர்களிடம் தொலைபேசி வழி வினவிய நகைச்சுவைப் பகுதியே இதற்குத் தூண்டுதல். நிறுவனத் தலைவர் ஜெனெட் கான் இக்கருத்தை ஆதரித்தார். மிகச் சிறிய செயலுக்கு இதனைப் பயன்படுத்துவதில் பொருளில்லை என்று கருதிய பதிப்பகத்தார், ஏற்கெனவே கருத்து வேறுபாட்டுக்கு உள்ளாகியிருந்த ஜேசனைத் தேர்ந்தனர்.

‘எ டெத் இன் தி ஃபேமிலி’ என்னும் கதை பேட்மேன் 426 முதல் 429 வரையிலான நான்கு இதழ்களில் அமைந்தது. ஸ்டார்லின் எழுத, ஜிம் அபாரோ வரைந்தார். தன்னைப் பெற்ற தாய் வேறொருத்தி என்று அறியும் ஜேசன் அவளைத் தேடிச் செல்கிறான். எத்தியோப்பியாவில் துயர்துடைப்புப் பணியில் இருக்கும் ஷீலா ஹேவுட் என்பவளே தாய் எனக் கண்டறிகிறான். அவளோ தன் குற்றங்களை மறைக்க மகனை ஜோக்கரிடம் காட்டிக்கொடுக்கிறாள். ஜோக்கர் அவனை இரும்புக் கடப்பாரையால் அடித்து வீழ்த்தி, தாயையும் மகனையும் வெடிகுண்டுடன் ஒரு கிடங்கில் அடைத்துச் செல்கிறான். கிடங்கு வெடிப்பதுடன் 427ஆம் இதழ் முடிகிறது.

அவ்விதழில் இரு தொலைபேசி எண்கள் அச்சிடப்பட்டன. ஒன்று ஜேசன் பிழைக்க, மற்றது மடிய. 1988 செப்டம்பர் 15, 16 ஆகிய நாள்களில் 36 மணிநேரம் மட்டும் அவ்வெண்கள் இயங்கின. ஓர் அழைப்புக்குக் கட்டணம் 50 சென்ட். முடிவு எவ்வாறு அமைந்தாலும் இதழ் உரிய நாளில் வெளிவருவதற்காக இருவகை முடிவுக்கும் உரிய பக்கங்கள் முன்னரே வரையப்பட்டிருந்தன. மடிய வேண்டும் என 5,343 அழைப்புகளும், பிழைக்க வேண்டும் என 5,271 அழைப்புகளும் வந்தன. 428ஆம் இதழில், இடிபாடுகளிலிருந்து சிறுவனின் உடலைப் பேட்மேன் ஏந்தி வருகிறான்.

5. எண்கள் சொல்வதும் சொல்லாததும்

மொத்த அழைப்புகள் 10,614. இவற்றுள் மடிய வேண்டும் என்றவை 50.34 விழுக்காடு, பிழைக்க வேண்டும் என்றவை 49.66 விழுக்காடு. 37 அழைப்புகள் மட்டும் மறுபுறம் சென்றிருந்தால் முடிவு மாறியிருக்கும். வாசகர் உலகம் ஜேசனை வெறுத்து ஒழித்தது என்று பின்னாளில் நிலைபெற்ற கூற்று இவ்வெண்களுடன் பொருந்தவில்லை. வாசகர் உலகம் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிளவுண்டிருந்தது என்பதே அவை தரும் செய்தி.

இப்பிளவையும் எச்சரிக்கையுடனேயே கையாள வேண்டும். முதலாவதாக, எண்ணப்பட்டவை அழைப்புகள், வாசகர்கள் அல்லர். ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்க இயன்றது. ஒருவரே கணினியைக் கொண்டு தொடர்ந்து அழைத்து முடிவை மாற்றினார் என்று தாம் கேள்வியுற்றதாக ஓ’நீல் பிற்காலத்தில் குறிப்பிட்டதுண்டு. அது உறுதிசெய்யப்பட்ட செய்தியன்று; ஆயினும் 72 என்னும் வேறுபாடு அத்தகைய குறுக்கீட்டுக்கு இடங்கொடுக்கும் அளவு சிறியது. இரண்டாவதாக, கட்டணம் உடைய அழைப்பு என்பதால், வீட்டுத் தொலைபேசியைப் பெற்றோர் இசைவின்றிப் பயன்படுத்த இயலாத சிறுவர்களுக்கு இது எளிதன்று. ராபின் எந்த வாசகருக்காகப் படைக்கப்பட்டானோ, அவ்வாசகரின் குரலே இதில் குறைவாக ஒலித்திருக்கக்கூடும்.

மூன்றாவது வரம்பே முதன்மையானது. வாக்கெடுப்பு இரண்டே விடைகளை ஏற்றது. ‘இவன் எரிச்சலூட்டுகிறான், ஆயினும் இறக்க வேண்டாம்’ என்றோ, ‘இவனை விரும்புகிறேன், ஆயினும் கதைக்கு இம்மரணம் தேவை’ என்றோ கூற அதில் வழியில்லை. மடிய வேண்டும் என்ற அழைப்புகளில் வெறுப்பால் வந்தவையும் உண்டு. இதழாசிரியர்கள் சொன்னபடி செய்வார்களா எனச் சோதிக்க வந்தவையும், நாயகனின் துயரைக் காணும் ஆவலால் வந்தவையும் இருந்திருக்க வாய்ப்புண்டு. பிழைக்க வேண்டும் என்ற அழைப்புகளிலும் பற்று, இரக்கம், மரபைக் காக்கும் விருப்பம் என வேறுபட்ட காரணங்கள் கலந்திருக்கலாம். ஒவ்வொருவர் உள்ளத்திலும் இருந்த கலவை உணர்வை ஒற்றை எண்ணாக அழுத்தியபின், அவ்வெண்ணைக் கொண்டு மீண்டும் அவ்வுணர்வை வெறுப்பு எனப் பெயரிடுவது முறையாகாது.

பொறுப்பு பற்றிய வினாவும் இங்கு எழுகிறது. பாத்திரத்தை அடங்காதவனாக்கியவர் கதையாசிரியர். அவன் மேல் கொலை ஐயத்தை ஏற்றியது கதை. உயிர் குறித்து வினவியது பதிப்பகம். இறுதிச் சொல் மட்டும் வாசகருடையது. ஒரு சிறுவன் அடித்துக் கொல்லப்படும் காட்சியின் பொறுப்பு இவ்வாறு கைமாறியதை ஃபிராங்க் மில்லர் போன்ற படைப்பாளர்களே கண்டித்தனர். வாக்கெடுப்பு வாசகருக்கு அதிகாரம் வழங்கியது என்பது ஒரு பகுதி உண்மை. பழியையும் உடன் வழங்கியது என்பது எஞ்சிய பகுதி.

6. வாக்குக்குப் பின் வெளிப்பட்ட உணர்வு

கதையின் அமைப்பில் ஒரு முரண் உள்ளது. இடிபாடுகளில் உயிர் ஊசலாடக் கிடக்கும் ஷீலா, தன்னைக் காட்டிக்கொடுத்த தாய் என்றறிந்தும் ஜேசன் தன் உடலால் தன்னை மறைத்துக் காக்க முயன்றதைப் பேட்மேனிடம் கூறி இறக்கிறாள். இச்செய்தி வாக்கெடுப்பு முடிந்தபின் வெளிவந்த 428ஆம் இதழில்தான் இடம்பெறுகிறது. அடங்காதவன் என்று அளக்கப்பட்டவனின் மிக உயர்ந்த செயலை, தீர்ப்பு வழங்கியபின்னரே வாசகர் அறிகிறார். கதைக்குள் பேட்மேன் அடையும் கழிவிரக்கமும், கதைக்கு வெளியே வாசகர் அடையும் கழிவிரக்கமும் இவ்விடத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன.

செய்தி நாளிதழ்களிலும் வானொலியிலும் பரவியபோது, சித்திரக்கதையைத் தொடர்ந்து படிக்காத பொதுமக்கள் பலர், தொலைக்காட்சி வழித் தாம் அறிந்த டிக் கிரேசனே கொல்லப்பட்டதாகக் கருதிக் கொதித்தனர். ஜேசன் தன் மரணத்திலும் முந்தியவனின் நிழலிலிருந்து விடுபடவில்லை.

அதன்பின் டிசி காமிக்ஸ் மேற்கொண்ட செயல், எரிச்சலின் காரணத்தைப் பதிப்பகத்தாரே உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டுகிறது. 1989இல் மார்வ் வுல்ஃப்மேன் மூன்றாவது ராபினான டிம் டிரேக்கை அறிமுகப்படுத்தினார். இச்சிறுவன் பேட்மேனின் மறைவடையாளத்தைத் தானே துப்பறிந்து கண்டவன். ஜேசனை இழந்தபின் பேட்மேன் தன்னையே அழித்துக்கொள்ளும் போக்கில் செல்வதைக் கவனித்து, அவனுக்கு ஒரு ராபின் தேவை என வாதிடுகிறான். முதலில் அவ்வுடையைத் தான் அணிய விரும்பாமல், டிக் கிரேசனைத் திரும்ப வருமாறு வேண்டுகிறான். இடத்தை நாடாமல் தகுதியை முதலில் காட்டியதால், வாசகர் அவனை எளிதில் ஏற்றனர். பாத்திரத்தின் வயது மாறவில்லை. இடத்தைப் பெற்ற முறை மாறியது.

ஜேசனின் நினைவும் அகலவில்லை. குகையில் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்ட அவனது உடை, பின்வந்த கதைகளில் நாயகனின் தோல்விக்குச் சான்றாக நின்றது. 2005இல் ஜூட் வினிக் எழுதிய கதையில், முன்பு ஜோக்கர் பூண்டிருந்த ரெட் ஹூட் என்னும் பெயருடன் ஜேசன் மீண்டு வந்தான். தன்னைக் காப்பாற்றாததை அவன் குற்றமாகக் கூறவில்லை. தன்னைக் கொன்றவன் இன்னும் உயிருடன் இருப்பதையே வினவினான். இப்பாத்திரம் பெரும் வரவேற்பைப் பெற்றது. சிறுவனாக இருந்தபோது சினமும் மீறலும் அவனது குறைகள். வளர்ந்து எதிர்நாயகனாக வந்தபோது அவையே அவனது ஈர்ப்பு. 2023இல், பயன்படுத்தாமல் விட்ட பக்கங்களைக் கொண்டு, ஜேசன் பிழைத்திருந்தால் 428ஆம் இதழ் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை டிசி காமிக்ஸ் தனி இதழாகவே வெளியிட்டது. 35 ஆண்டுகளுக்குப் பின்னும் தோற்ற பக்கத்துக்கு வாசகர் இருந்தனர்.

7. மெய்ப்பாட்டு நோக்கில் இருமன நிலை

இக்கலவை உணர்வை விளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஒரு கருவியைத் தருகிறது. அது கூறும் எட்டு மெய்ப்பாடுகளில் எரிச்சல் தனி இடம் பெறவில்லை. நகைக்கு நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும், அழுகைக்கு நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கும் அங்கு வகுக்கப்படுகின்றன. இளமை நகைக்குரிய களனாக வைக்கப்பட்டிருப்பது இங்குக் கருதத்தக்கது. இளையோரின் அறியாமையும் துடுக்கும் கண்டு பிறக்கும் நகை, இகழ்ச்சிக்கும் பரிவுக்கும் நடுவே நிற்பது.

ஜேசனிடம் இவ்விரு தொகுதிகளும் ஒருங்கே அமைகின்றன. இளமையும் பேதைமையும் அவனை நகைக்கு உரியவனாக்குகின்றன. பெற்றோரை இழந்த இழவும் தெருவாழ்வின் வறுமையும் அவனை அழுகைக்கு உரியவனாக்குகின்றன. கதை இரண்டையும் ஒரே பாத்திரத்தில் வைத்து, எதற்கும் முழு இடம் தராமல் அவனை வெகுளி கொண்டவனாக மட்டும் முன்னிறுத்தியபோது, வாசகருக்கு நகைக்கவும் இயலவில்லை, இரங்கவும் இயலவில்லை. தடைப்பட்ட நகையும் தடைப்பட்ட இரக்கமுமே எரிச்சலாகத் திரிகின்றன எனக் கருதலாம். மரணம் அத்தடையை நீக்கியது. அழுகைக்கு வழி திறந்தது. எரிச்சலுற்ற வாசகரே துயருற்றதில் முரண்பாடு ஏதும் இல்லை என்பது இதனால் புலப்படும்.

முடிவுரை

ஜேசன் டாட் குறித்த வாக்கெடுப்பு, வாசகர் உலகம் ஓர் இளந்துணைப் பாத்திரத்தை வெறுத்ததற்குச் சான்று அன்று. அதன் எண்கள் பிளவைக் காட்டுகின்றன. அதன் வடிவமோ ஒவ்வொரு வாசகருக்குள்ளும் இருந்த பிளவை மறைக்கிறது. எரிச்சல் பாத்திரத்தின் இளமையால் தோன்றவில்லை. ஈட்டாத இடத்தில் கதை அதனை நிறுத்தியதால் தோன்றியது. கேரி கெல்லி, டிம் டிரேக் ஆகியோர் ஏற்கப்பட்டமையும், வெஸ்லி கிரஷர் மறுக்கப்பட்டமையும் இதனை உறுதிசெய்கின்றன.

தொடர்கதை, தொலைக்காட்சித் தொடர், திரைப்படத் தொடர் ஆகியவற்றின் வாசகர் ஏற்பை ஆராய்வோர் இதிலிருந்து பெறத்தக்க நெறி ஒன்று உண்டு. வாக்கு, மதிப்பெண், விருப்பக்குறி போன்ற இருநிலை அளவுகோல்கள் வாசகரின் முடிவைப் பதிவுசெய்யும், மனநிலையைப் பதிவுசெய்வதில்லை. ஒரு பாத்திரம் எரிச்சலூட்டுகிறது என்று வாசகர் கூறும்போது, அப்பாத்திரத்தை நீக்குக என்று அவர் கூறுவதாகக் கொள்வது பிழை. அவ்விடத்துக்கு அப்பாத்திரம் தகுதி பெறும் வகையில் எழுதுக என்பதே பெரும்பாலும் அதன் பொருள். 1988இல் வினா அவ்வாறு கேட்கப்படவில்லை. வாசகர் முன் வைக்கப்பட்டவை இரு தொலைபேசி எண்கள் மட்டுமே.